ஓம் கமா ஆ கமா ஹூம்

வானொலி அக்கா காதோடு காதாகச் சொன்னாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். உரக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. தெரு வைத்த பெயர்தான் வானொலி. அவளுக்கும் அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

தொழிலே அவளுக்கு வாய்தான். கணவர் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். மாடி முன்னறையில், சன்னலை ஒட்டிப் போட்ட மேசையில், அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலோடு குனிந்திருப்பார். எதிர்நாற்காலியில் அக்கா உட்கார்ந்து எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிப்பாள். சும்மா இல்லை, கமா, புள்ளி, கேள்வி, ஆச்சரியம், அடைப்பு ஆரம்பம், அடைப்பு முடிவு, புதுப்பத்தி என்று தாளில் உள்ள அத்தனையையும் சொல்லிப் படிப்பாள். அவர் தலை நிமிராமல் ஒத்துப் பார்த்துக்கொண்டே போவார். இருபத்தாறு வருடமாக இப்படித்தான்.

அவருக்குத் தெரு வைத்த பெயர் புள்ளிக்காரர். வீடு புகுந்து திருடினவனைக்கூட மன்னித்துவிடுவார். கமா இல்லாத நீள வாக்கியத்தைக் கண்டால் மட்டும், பொத்தான் போடாத சட்டையோடு வந்து நிற்கிற ஆளைப் பார்த்ததுபோல் முகத்தைச் சுளிப்பார். எழுத்தாளர் போடாத இடத்திலும் தானே ஒன்றைச் சொருகிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

இதனால் தெருவுக்கு ஒரு லாபம். கீழே தையல்கடை, பக்கத்தில் சலூன், எதிரே மாடிவீடு. மூன்று இடத்திலும் ஒரு புத்தகமும் வாங்காமல் சட்டம், மாட்டு வைத்தியம், துப்பறியும் கதை எல்லாம் கரைத்துக் குடித்தார்கள். "அவன் கதவைத் திறந்தான் புள்ளி உள்ளே கமா ஒரு பிணம் ஆச்சரியம்" என்று மேலிருந்து வந்தால், கீழே தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பேராசிரியை தன் நூலைக் கொண்டுவந்தார்.

பேராசிரியைக்குக் குரல் என்று ஒன்று இருப்பது கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரியும். மஞ்சள் துணியில் சுற்றி, இரண்டு மரப்பலகைக்கு நடுவே கட்டிய நீளநீள ஏடுகளை மேசைமேல் வைத்தார். தைக்காத, ஒட்டாத தனித்தனி ஏடுகள். பக்கத்தில் தன் மொழிபெயர்ப்பு, கையெழுத்தில், நானூறு பக்கம்.

"இது என்ன டீச்சர், கதையா?" என்றாள் அக்கா.

"தந்திர நூல். பௌத்தத்துல கடைசியா வந்த பிரிவு. மூலம் சமஸ்கிருதம். அது தொலைஞ்சு போச்சு. ஆயிரம் வருஷம் முன்னால திபெத்துலேர்ந்து ஆளுங்க பனிமலை தாண்டி வந்து, வருஷக்கணக்கா உட்கார்ந்து படிச்சு, தங்கள் மொழியில மாத்தி எடுத்துட்டுப் போனாங்க. அதனால பிழைச்சது."

"எழுதினது யாரு?"

"பேர் கிடையாது. புத்தரே வேற வடிவம் எடுத்து, தகுதி உள்ளவங்களுக்கு மட்டும் சொன்னதுன்னு நம்பிக்கை. அப்புறம் சித்தர்கள் வழியா வந்தது. எண்பத்து நாலு பேர்னு ஒரு கணக்கு. அதுல ராஜாவும் உண்டு, செருப்புத் தைக்கிறவரும் உண்டு. துணி வெளுக்கிறவர், நெசவாளி, குயவர்..."

"பிழைதிருத்துறவர்?" என்றார் புள்ளிக்காரர், தலை நிமிராமல்.

"அப்போ அச்சே இல்லையே."

"அதான் மூலம் தொலைஞ்சிருக்கு" என்று அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

பதினோரு வருடம் அந்த நூலோடு குடித்தனம் நடத்தியிருந்தார் பேராசிரியை. முதல் ஏட்டை மட்டும் ஏழு தடவை மாற்றி எழுதினாராம். வீட்டில் கட்டில்மேல் குறிப்பு அட்டைகளின் பெட்டிகள். அவர் படுப்பது தரையில். இதை மொழிபெயர்க்கவே ஓர் ஆசானிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அச்சடிக்க அனுமதி தனி. அதுவும் இருநூறே பிரதிகள், முறைப்படி தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும். பிழை திருத்துகிறவர்களுக்கும் தீட்சை ஆகியிருக்க வேண்டும் என்று ஆசான் சொல்லிவிட்டதால், அவரையே வீட்டுக்கு அழைத்துவந்தார்.

ஆசான் என்றதும் அக்கா வெள்ளைத் தாடியை எதிர்பார்த்து வாசலில் நின்றாள். வாடகைக் காரிலிருந்து இறங்கியவருக்கு வயது முப்பத்திரண்டு. செம்மண் நிறப் போர்வைக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி. கார் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்து, வாயில் புதினா மிட்டாயைக் குதப்பிக்கொண்டிருந்தார்.

"இவரா?" என்று கணவரிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"நானேதான்" என்றார் ஆசான், காரின் அந்தப் பக்கத்திலிருந்து.

மயிலிறகு செருகிய குடத்திலிருந்து இருவர் தலையிலும் நீர் தெளித்தார். மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினார். பிறகு மஞ்சள் துணியைப் பிரித்து, ஏடுகளை எடுத்து, மூலத்தை அப்படியே படிக்க ஆரம்பித்தார். கேட்பதற்கான அனுமதி அதுதான். பொருள் புரிய வேண்டியதில்லை, முன்னால் கேட்டவர் வாயிலிருந்து ஓர் எழுத்து விடாமல் காதில் விழ வேண்டும், அவ்வளவே. மூன்று நாள் படித்தார். படித்தார் என்பது மரியாதைக்கு. குதிரையை அவிழ்த்து விட்டதுபோல் ஓடினார்.

மூன்றாம் நாள் அவர் கை கழுவப் போனதும் அக்கா கொட்டித் தீர்த்தாள். "இருபத்தாறு வருஷமா படிக்கிறேன், இப்படி ஒரு அநியாயத்தைப் பாத்ததில்லங்க. ஒரு இடத்துலயாவது கமா சொன்னாரா? மனுஷன் மூச்சு எங்கதான் விடுறார்?"

"மூக்குல" என்றார் ஆசான், குழாயடியிலிருந்து.

போகும்போது அவர் சிரிக்காமல் சொன்னது ஒன்றே ஒன்று. "இந்த நூல்ல சொல்றது ஒண்ணு, உள்ளே இருக்கிற பொருள் வேற. அந்திமொழின்னு சொல்வாங்க, பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அதனால அனுமதி இல்லாத காதுல ஒரு வரி விழக்கூடாது. விழுந்தா நான் கொடுத்ததும் போச்சு. ஏடுகளைக் கட்டிப் பெட்டியில வச்சுட வேண்டியதுதான். கடைசி புரூஃப் அன்னிக்கு வர்றேன். கேட்பேன். பதில் சரியா இருந்தா அச்சு."

பேராசிரியை தலையாட்டினார். அக்கா அவரைவிட வேகமாக ஆட்டினாள்.

மறுநாள் கதவைத் தாழிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். கால்மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. புள்ளிக்காரரின் மூக்கு நுனியிலிருந்து வேர்வைத் துளி விழுந்த இடத்தையெல்லாம் அவரே முற்றுப்புள்ளி என்று எண்ணி ஏமாந்தார்.

"ரெண்டு விரல் அளவு திறந்துக்கறேன்" என்றாள் அக்கா.

"உன் குரல்?"

"தணிச்சுத்தான் படிப்பேன்."

அவள் தணித்தாள். சத்தியமாகத் தணித்தாள். ஆனால் அக்காவின் குரல் தணிவது என்பது ரயில் தூரத்தில் வருகிற மாதிரி; வருகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. இரண்டு விரல் நான்கு விரலாகி, ஒரு வாரத்தில் சன்னல் தன் பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஆறு வாரம் இப்படி ஓடியது.

கடைசி புரூஃபுக்கு ஆறு நாள் இருக்கும்போது, கிழிந்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு தையல்கடைக்கு இறங்கினாள். தையல்காரர் ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பயபக்தியோடு முணுமுணுத்தார்.

"ஓம் கமா ஆ கமா ஹூம் ஆச்சரியம்."

நூல் சட்டென்று காதில் நுழைந்தது.

"என்னண்ணே அது?"

"நீங்க சொல்றதுதான். கோக்கறதுக்கு முன்னால இதைச் சொன்னா ஒரே குத்துல போயிடுது. மூணு வாரமா கண்ணாடியே போடறதில்ல."

மறுத்திருக்கலாம். அது மாட்டு வைத்தியப் புத்தகம் என்று ஒரு போடு போட்டிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடத் தொழில் முந்திக்கொண்டது. "அதுல கமா எல்லாம் சேராது அண்ணே! அது குறி. மந்திரம் வெறும் ஓம் ஆ ஹூம்தான்!"

"அப்படியா?" தையல்காரர் அடுத்த ஊசியை எடுத்துச் சோதித்தார். "கமா இல்லாம போகலியே அக்கா."

அக்கா எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கே மாடிவீட்டு அண்ணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பெண்களை இழிவாப் பேசறது பதினாலாவது பெருங்குற்றம்னு நீதானே படிச்சே?" என்றாள் அண்ணி. "அன்னிலேர்ந்து இவர் வாயே திறக்கல. உன் புண்ணியம். அந்தப் பதினாலையும் வரிசையா ஒரு தாள்ல எழுதிக் கொடேன். நடுவுல மிக்ஸி போட்டுட்டேன், நாலஞ்சு விட்டுப்போச்சு."

சலூனில் நிலைமை இன்னும் மோசம். சலூன்காரருக்குக் காலையில் கூட்டம். மதியம்தான் காது ஓய்வாக இருக்கும். ஆகையால் மதியம் படித்த பகுதிகள் மட்டும் அவருக்குத் தெரியும். அவையெல்லாம் அந்திமொழிப் பகுதிகளாக அமைந்துவிட்டன.

அன்று சாயங்காலம் புள்ளிக்காரர் கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பென்சிலைக் கீழே வைப்பது அபூர்வம். "பதினோரு வருஷம்" என்றார். "அந்த அம்மா தரையில படுத்து எழுதினது. உன் வாயால..."

"என் வாய்தான். தெரியுது. நான் சரி பண்றேன்."

சரி பண்ணக் கிளம்பினவள் செய்த காரியம் என்ன தெரியுமா? வீடு வீடாகப் போய், "நான் படிச்சது பரம ரகசியம், தயவுசெஞ்சு மறந்துடுங்க" என்று சொன்னாள். அதுவரை காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் கூட அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்ன ரகசியம், யாருக்குத் தெரியும், எத்தனை பக்கம்? தெரியாதவர்கள் தெரிந்தவர்களைத் தேடிப் போனார்கள். தையல்காரர் கடையில் வரிசை நின்றது. நெசவாளி ஒருவர் சித்தர் பட்டியலில் இருப்பதாகவும், நெசவாளி வந்த பிறகு தையல்காரர் வராமல் போக வழியில்லை என்றும் அவர் விளக்கம் கொடுத்தார். தந்திரம் நான்கு வகை, அதில் முதல் வகைக்குக் குளியலும் சுத்தமும் முக்கியம் என்று யாரோ சொல்லிவைக்க, மாடிவீட்டுத் தொட்டி நண்பகலுக்குள் காலியானது. காதில் விழுகிற ஒலியெல்லாம் மந்திரம் என்று இன்னொருவர் சொல்ல, முனைவீட்டுப் பையன்கள் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகைக் கார் வந்தது. ஆசான் புதினாவோடு இறங்கினார். அந்த நிமிடம் பார்த்துத் தையல்காரர் அளவுநாடாவைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து கைகூப்பினார்.

"ஓம் கமா ஆ கமா ஹூம் ஆச்சரியம்!"

ஆசான் மிட்டாயை மெல்வதை நிறுத்தினார்.

அதே நேரத்தில் சலூன் கதவு படாரென்று திறந்தது. ஒரு பக்கக் கன்னம் வழவழப்பாகவும் மறுபக்கம் நுரையாகவும், கழுத்தில் துண்டோடு ஒருவர் வெளியே பாய்ந்து தெருமுனையை நோக்கி ஓடினார். பின்னாலேயே சவரக்கத்தியோடு சலூன்காரர்.

"சார், நில்லுங்க! 'தலையைக் கொய்து காணிக்கையாக வை'ன்னு சும்மா வாய்க்குள்ள சொல்லிட்டிருந்தேன்! அது புத்தகத்துல இருக்கு சார்!"

மாடி சன்னலிலிருந்து இதைப் பார்த்த புள்ளிக்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். "நீ வாயைத் திறக்காதே. கேட்டா, சலூன்காரருக்கு மூளை கலங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். தையல்காரர் எப்பவுமே அப்படித்தான்."

ஆசான் மேலே வந்து உட்கார்ந்தார். பேராசிரியை கடைசி புரூஃபை மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார். அவர் பின்வாசல் வழியாக முன்னதாகவே வந்துவிட்டதால் தெருக்கூத்து எதுவும் தெரியாது. புதுச் சேலை கட்டியிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அனுமதி இல்லாத யார் காதுலயாவது விழுந்துதா?" என்று ஆசான் கேட்டார்.

"இல்லை" என்றார் பேராசிரியை. பதினோரு வருடத்தில் அவர் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை. "இவங்க ரெண்டு பேரும் கதவு சன்னல் எல்லாம் சாத்திக்கிட்டு, வேர்க்க வேர்க்கப் படிச்சாங்க. இவங்களை நான் முழுசா நம்பறேன்."

புள்ளிக்காரர் மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்; நம்புகிறேன் என்றதுதான் தாங்கவில்லை.

"விழுந்துது" என்றாள்.

"யார் காதுல?"

"தெரு."

"தெருவுல யார்?"

"தெருவுல யார் இல்லைன்னு கேட்டா சீக்கிரம் சொல்லிடுவேன். மூணாம் வீட்டுத் தாத்தாவுக்குக் காது கேக்காது. அவர் ஒருத்தர்தான்." பிறகு பேராசிரியையின் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுதான் டீச்சர். சன்னலை நான்தான் திறந்தேன். என் குரலை ஆண்டவன் ஒரு ஊருக்குன்னு செஞ்சு ஒரு ஆளுக்குக் கொடுத்துட்டான்."

பேராசிரியை புரூஃபை மேசைமேல் வைத்தார். மஞ்சள் துணியை எடுத்து, பலகைகளை நேராக வைத்து, ஏடுகளைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு மடிப்பாக, ஓசையில்லாமல். அதைப் பார்க்கச் சகிக்காமல் புள்ளிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருங்க" என்றார் ஆசான். எழுந்து போய் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நுரைக்கன்னக்காரரைச் சலூன்காரர் எப்படியோ சமாதானம் செய்து கூட்டிவந்துகொண்டிருந்தார். "அந்த வரி முழுசா என்ன?"

அக்கா சட்டென்று ஒப்பித்தாள். "'தலையைக் கொய்து காணிக்கையாக வை கமா தான் என்னும் செருக்கே அந்தத் தலை புள்ளி.'"

"அவருக்கு முதல் பாதி மட்டும் போயிருக்கு."

"ரெண்டாவது பாதி வந்தப்போ லாரி போச்சு."

ஆசான் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "அனுமதியை நான் திரும்ப வாங்கிக்கலாம். காதுல போனதைத் திரும்ப வாங்க முடியாது. பாதி கேட்டவர் கையில கத்தி இருக்கு. மீதியையும் போட்டுடறதுதான் தெருவுக்கு நல்லது."

"அப்படின்னா?" என்றார் பேராசிரியை, துணியைப் பிடித்தபடி.

"எல்லாரையும் கூப்பிடுங்க. விருப்பம் உள்ளவங்களுக்குத் தீட்சை கொடுக்கறேன். அப்புறம் நூலை முதல்லேர்ந்து கடைசிவரை முறையாக் கேக்கட்டும். அனுமதி இல்லாத காதே தெருவுல இல்லாம ஆயிடும்."

"நீங்க படிப்பீங்களா?"

"எனக்கு வந்தது மூலம். அதை இவங்க கேட்டா குதிரை ஓடின மாதிரிதான் இருக்கும்" என்று அக்காவைப் பார்த்தார். "இந்த மொழியில இதை முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிச்ச ஆள் உலகத்துலயே இவங்க ஒருத்தர்தான். இவங்க படிக்கட்டும். ஒரே நிபந்தனை. நூல்ல இல்லாத ஒரு சொல் வரக்கூடாது. வந்தா அந்த அத்தியாயம் மறுபடி முதல்லேர்ந்து. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு ரயில். அதுக்குள்ள முடிஞ்சா அச்சு. முடியலைன்னா, அந்தத் துணியை நானே கட்டறேன்."

புள்ளிக்காரர் பொறுக்கமாட்டாமல் நிமிர்ந்தார். "கமா நூல்ல இருக்கே?"

"கமா இருக்கு. 'கமா'ங்கற சொல் இல்லை."

புள்ளிக்காரர் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

தையல்கடையில் வெட்டுமேசையைத் துடைத்து, பட்டு விரித்து, நூலை வைத்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். குடத்துக்கும் மயிலிறகுக்கும் அத்தனை தலையை எட்டுவது சிரமமாக இருந்தது. சலூன்காரர் தயங்கித் தயங்கித் தன் தண்ணீர் தெளிப்பானை நீட்டினார். ஆசான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடத்து நீரை அதில் ஊற்றி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டே போனார். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்து பின்கழுத்தைக் காட்டினார்கள்.

அக்கா உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அதற்கே முன்வரிசை பின்னால் சாய்ந்தது.

"இவ்வாறு நான் கேட்டேன் புள்ளி."

"முதல்லேர்ந்து" என்றார் ஆசான்.

"இவ்வாறு நான் கேட்டேன்." நிறுத்தினாள். உதட்டைக் கடித்தாள். "ஒரு சமயம் கமா... ஐயோ!"

"ஐயோவும் நூல்ல இல்லை. முதல்லேர்ந்து."

"இவ்வாறு நான் கேட்டேன்."

"நாங்களும்தான் கேட்டோம், மேல போங்க அக்கா" என்றார் சலூன்காரர்.

மேலே போக முடியவில்லை. இருபத்தாறு வருடம் நாக்கில் ஊறிப்போன சொல், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே தானாகக் குதித்தது. மெதுவாகப் படித்துப் பார்த்தாள். கமா நிதானமாக வந்தது. வேகமாகப் படித்தாள்; இரண்டு சேர்ந்து வந்தது. கண்ணை மூடினால் வரி தெரியவில்லை. வியாழன் பொழுது சாய்ந்தபோது பத்தொன்பதாவது தடவையாக முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பக்கத்தில் நின்றாள். கடை மூலையில் பேராசிரியை மஞ்சள் துணியை மடியில் வைத்து, அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாற்காலி பற்றாமல் புள்ளிக்காரர் மனைவிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். அக்கா ஆரம்பித்தாள். முதல் கமா வந்தது. வாயைத் திறந்தாள், பயத்தில் கை தானாக நீண்டு கணவரின் தொடையைப் பிடித்துக் கிள்ளியது.

சொல் வரவில்லை.

அடுத்த கமா. அடுத்த கிள்ளு. சொல் வரவில்லை! அக்காவின் கண் மின்னியது. இத்தனை வருடம் நாக்கிலிருந்த குறி எல்லாம் விரலுக்கு இறங்கிவிட்டது. கமாவுக்குக் கிள்ளு, முற்றுப்புள்ளிக்கு ஒரு குத்து, கேள்விக்குறிக்குக் காதுத் திருகல், புதுப்பத்திக்கு முதுகில் ஓர் அறை. அடைப்புக்குறியின் உள்ளே இருக்கும்வரை அவர் சுண்டுவிரல் வளைந்தபடியே அவள் பிடியில் இருந்தது. புள்ளிக்காரர் முகம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறமாக மாறியது. ஆனால் மனிதர் அசையவில்லை. பேராசிரியையின் விரலில் கயிறு சுற்றியிருப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளி முடிவதற்குள் ஐந்து அத்தியாயம். தன்னையே தேவதையாகவும், குடியிருக்கிற வீட்டையே அந்தத் தேவதை வாழும் மண்டலமாகவும் பாவிக்கச் சொல்லும் பகுதியில் தெரு சத்தமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சலூன்காரருக்கு அந்தத் தலையைக் கொய்கிற வரியின் மறுபாதி கிடைத்ததும், "அட, அவ்வளவுதானா!" என்று வாய்விட்டுச் சொல்லி, நுரைக்கன்னக்காரர் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்பினார். அண்ணி பதினான்கு பெருங்குற்றங்களையும் முழுசாகக் கேட்டாள். அவற்றில் பாதிக்குமேல் தனக்கே பொருந்துவது தெரிந்ததும், அன்று இரவுப் பாத்திரத்தைத் தானே தேய்த்ததாகக் கேள்வி.

சனிக்கிழமை ஐந்து முப்பத்தைந்து. கடைசிப் பக்கம். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. அக்காவின் குரல் கம்மிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரையும் போல் ஒலித்தது. நூல் முடிகிற இடத்தில் அந்த மந்திரம்.

"ஓம்" என்றாள். கிள்ளினாள்.

"கமா" என்றது ஒரு குரல்.

முப்பத்தெட்டுத் தலையும் திரும்பியது. தையல்காரர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய கண் மட்டும் வெளியே தெரிந்தது. அது அழுதுவிடும்போல் இருந்தது. பேராசிரியையின் கயிறு இறுகியது. அக்கா அசையாமல் ஆசானைப் பார்த்தாள்.

ஆசான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிட்டாயை விழுங்கினார். "நிபந்தனை படிக்கிற வாய்க்கு" என்றார். "கேக்கிற வாய்க்கு இல்லை. மேல போங்க."

"ஆ. ஹூம்."

கடைசிக் குத்தை வாங்கிய புள்ளிக்காரர் "அம்மா!" என்று அலறினார். அதுவும் படிக்கிற வாய் இல்லை என்பதால் செல்லும் என்று ஆசான் சொல்லிவிட்டு, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே காருக்கு ஓடினார். ஓட்டப்பந்தயக் காலணி எதற்கு என்று தெருவுக்கு அன்றுதான் விளங்கியது. பேராசிரியை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை.

ரகசியம் வெளியே போகக்கூடாது என்று தீட்சையின்போது எடுத்த உறுதிமொழியை அந்தத் தெரு இன்றுவரை காப்பாற்றுகிறது. பெரிய தவம் எல்லாம் இல்லை. எல்லோருக்கும் முழுசாகத் தெரிந்துவிட்ட பிறகு அதில் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டே வாரத்தில் பேச்சு மூணாம் வீட்டுத் தாத்தா வாங்கிய காது கேட்கும் கருவிக்குத் தாவிவிட்டது.

அச்சுக்குப் போகிற அன்று காலை புள்ளிக்காரர் நொண்டிக்கொண்டே பேராசிரியை வீட்டுப் படியேறினார். கட்டில்மேல் இப்போது பெட்டிகள் இல்லை. அவர் தாள்களை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு கமாக்களை அடித்திருந்தார்.

"இதெல்லாம் நீங்களே சேர்த்ததுதானே?" என்றார் பேராசிரியை. "இது இல்லைன்னா அர்த்தமே மாறிடும்னு என்கிட்ட சண்டை போட்டீங்களே."

"மாறாது. நல்லாப் பாத்துட்டேன்" என்று சொல்லி அவர் வலது தொடையைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு இந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கப்போற பொம்பளைங்களோட புருஷன்மாரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கம்மா."